ஒரு வரிசைக்கு இரண்டே நிறம்

ஃபேர் ஐல் ஸ்வெட்டரை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள் மலைத்துப்போவார்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரை பட்டை பட்டையாக நட்சத்திரமும் வைரமும் சிலுவையும் அலையும் ஓடும். செம்பழுப்பு, நீலம், மஞ்சள், சாம்பல், வெள்ளை என்று பத்துப் பன்னிரண்டு நிறங்கள் கலந்திருக்கும். இத்தனை நூல்கண்டுகளை ஒரே சமயத்தில் எப்படித்தான் சமாளிக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அதில் எந்த வரிசையை எடுத்து எண்ணிப் பார்த்தாலும் இரண்டு நிறங்களுக்கு மேல் இருக்காது. மேலே போகப் போக ஒரு நிறத்தையோ இரண்டையுமோ மாற்றிக்கொண்டே போகிறார்கள்; பின்னுபவர் கையில் எந்த நேரமும் இரண்டு நூல்தான்.

இந்த விதி புரிந்துவிட்டால் வண்ணப் பின்னலைப் பற்றிய பயத்தில் பாதி போய்விடும். ஊசியில் கண்ணி ஏற்றவும், நேர்ப் பின்னல் போடவும், கண்ணி குறைக்கவும் தெரிந்த ஒருவர் புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு நிறத்தில் பின்னிக்கொண்டிருக்கும்போது சும்மா இருக்கும் மற்ற நூலைத் துணியின் பின்பக்கமாக எப்படிக் கொண்டுபோவது? கேட்க எளிது. கைக்குப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். நல்ல வண்ணப் பின்னல் எது, மோசமானது எது என்பதை முடிவுசெய்வது அந்தப் பின்பக்கம்தான்.

ஸ்காட்லாந்தின் வடகோடியில் ஷெட்லாந்து, ஆர்க்னி என்று இரண்டு தீவுக்கூட்டங்கள். இரண்டுக்கும் நடுவே தனியாகக் கிடக்கும் சிறு தீவு ஃபேர் ஐல். நீளம் சுமார் 5 கிலோமீட்டர், அகலம் அதில் பாதி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 68 பேர். காற்று ஓயாத அந்தத் தீவில் செம்மறி உண்டு, மீன் உண்டு, நீண்ட குளிர்காலம் உண்டு. தீவின் பெண்கள் பின்னிய குல்லாவையும் காலுறையையும் கையுறையையும் ஆண்கள் படகில் எடுத்துக்கொண்டு, அந்த வழியாகப் போகும் கப்பல்களுக்கு அருகே சென்று பண்டமாற்றுச் செய்வார்கள். இப்படித்தான் இந்தச் சின்னத் தீவின் பெயர் ஒரு பின்னல் முறைக்கே பெயராகி உலகம் சுற்றியது.

அங்கே இரண்டு நூலில் பின்னியதற்கு அழகு மட்டும் காரணமல்ல. ஒரு நூல் முன்னால் உருவம் போடும்போது இன்னொன்று பின்னால் படிந்து கிடக்கிறது. அதனால் துணி ஏறக்குறைய இரட்டைத் தடிமன் ஆகிறது. வடகடலில் மீன் பிடிக்கப் போகிறவனுக்கு அந்தக் கூடுதல் கதகதப்பு உயிர் காக்கும் விஷயம். ஷெட்லாந்துச் செம்மறிகள் பிறப்பிலேயே வெள்ளை, கறுப்பு, சாம்பல், செம்பழுப்பு என்று பல நிறத்தவை. அவற்றின் கம்பளியைச் சாயமே போடாமல் அப்படியே நூற்றாலும் நான்கைந்து நிறம் கிடைத்துவிடும். நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு மஞ்சிட்டி வகைச் செடியின் வேர் என்று சாயங்கள் வெளியிலிருந்து வந்தன.

இந்த உருவங்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். 1588இல் இங்கிலாந்தின்மீது படையெடுத்த ஸ்பானியக் கப்பற்படையில் ஒரு கப்பல், எல் கிரான் கிரிஃபோன், ஃபேர் ஐல் பாறைகளில் மோதி உடைந்தது. அதிலிருந்த சுமார் 300 பேர் சில வாரங்கள் தீவில் தங்கினார்கள். அவர்கள்தான் தீவுப் பெண்களுக்கு இந்த வடிவங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது கதை. கப்பல் உடைந்தது வரலாறு. சொல்லிக்கொடுத்ததற்கு ஒரு சான்றும் இல்லை. பால்டிக் கடலோர நாடுகளிலும் ஸ்கேண்டிநேவியாவிலும் இதே சாயலில் வடிவங்கள் இருப்பதைப் பார்த்தால், கடல் வணிகத்தோடு அங்குமிங்கும் போய்வந்தவை என்று கொள்வதே பொருத்தம். 1951இல் ஷெட்லாந்தின் கன்னிஸ்டர் என்ற இடத்தில் புதைசேற்றுக்குள்ளிருந்து ஒரு மனிதனின் உடைகள் கிடைத்தன. அவனிடம் சிவப்பும் வெள்ளையும் சாம்பலும் கலந்து பின்னிய சுருக்குப்பை ஒன்று இருந்தது. அதற்குள் ஹாலந்து, ஸ்வீடன் நாணயங்கள் மூன்று. கடைசி நாணயத்தின் ஆண்டு 1690. ஷெட்லாந்தில் கிடைத்த மிகப் பழைய வண்ணப் பின்னல்களில் ஒன்று அந்தப் பை. கூடவே கிடந்த நாணயங்களும் வணிகத்தின் பக்கமே கை காட்டுகின்றன.

பிறகு 1922இல் அன்றைய வேல்ஸ் இளவரசர், பின்னாளில் எட்டாம் எட்வர்டாக அரியணை ஏறியவர், செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்துக்கு ஃபேர் ஐல் ஸ்வெட்டர் அணிந்து வந்தார். 1925இல் அதே உடையில் அவரை ஜான் செயின்ட் ஹெலியர் லேண்டர் ஓவியமாகவும் தீட்டினார். அதுவரை மீனவர் உடையாக இருந்தது, கல்லூரி மாணவரும் கனவான்களும் தேடி வாங்கும் பொருளாயிற்று. ஷெட்லாந்து முழுவதும் பெண்கள் இரவு பகலாகப் பின்னத் தொடங்கினார்கள்.

இனி, கற்பது.

முதலில் நூல். ஷெட்லாந்துக் கம்பளியில் நுண்ணிய சுருள் அதிகம். பக்கத்துக் கண்ணியோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். பின்னால் ஓடும் நூலும் துணியோடு ஒன்றிப் படிந்துவிடும். பருத்தி நூலுக்கு இந்தக் குணம் கிடையாது. நம்மூர் ஃபேன்சி ஸ்டோர்களில் ‘உல்லன் நூல்’ என்று விற்பது பெரும்பாலும் அக்ரிலிக், அதுவும் வழுக்கும். கை பழக அக்ரிலிக் போதும், தப்பில்லை. ஆனால் பார்த்துப் பார்த்துப் பின்னி அணியப்போகும் பொருளுக்கு உண்மையான செம்மறிக் கம்பளி வாங்குவதே சரி. ஷெட்லாந்துக்காரர்கள் பயன்படுத்துவது மெல்லிய நூல். ஒரு கண்டு 25 கிராம்தான், அதில் 100 மீட்டருக்கு மேல் வரும். 3 மில்லிமீட்டரை ஒட்டிய ஊசியில் பின்னுவார்கள். புதிதாகக் கற்பவருக்கு அது கண்ணைச் சோதிக்கும். கொஞ்சம் தடித்த நூலும் 4 அல்லது 4.5 மில்லிமீட்டர் ஊசியும் எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு கண்ணியும் தெளிவாகத் தெரியும்.

அடுத்தது நிறம். பலரும் சறுக்குவது இங்கேதான். கடையில் சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது பளிச்சென்று இருக்கும். பின்னி முடித்தால் உருவமே தெரியாமல் மங்கிக் கிடக்கும். இரண்டு நிறங்களும் வேறுவேறாக இருந்தாலும் அழுத்தம் ஒன்றாக இருந்துவிட்டதுதான் காரணம். ஒன்று வெளிறியதாகவும் மற்றது அடர்ந்ததாகவும் இருந்தால்தான் உருவம் எழுந்து நிற்கும். இதைக் கண்டுபிடிக்கக் கைபேசியே போதும்: இரண்டு கண்டுகளையும் சேர்த்துவைத்துக் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த ஜோடி வேண்டாம்.

வடிவங்கள் கட்டம் போட்ட தாளில் இருக்கும். ஒரு கட்டம் ஒரு கண்ணி. கீழ் வரிசையிலிருந்து மேலே, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இடமிருந்து வலமாகவே படித்துப் பழகிய நமக்கு முதல் நாள் குழப்பும். ஆனால் ஊசியில் கண்ணிகள் நகரும் திசை அதுதான் என்பதால் சீக்கிரம் பிடிபட்டுவிடும். 12 கட்டத்துக்கு ஒரு முறை திரும்ப வரும் உருவம் என்றால், 96 கண்ணிகள் கொண்ட குல்லாவில் அது எட்டு முறை வரும். கண்ணிகளின் மொத்த எண்ணிக்கை உருவத்தின் அகலத்தால் மீதியின்றி வகுபடுகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

பின்னுவதைத் தட்டையாக முன்னும் பின்னும் திருப்பிச் செய்யாமல் வட்டமாகச் செய்ய வேண்டும். இரண்டு ஊசிகளை ஒரு மெல்லிய வடம் இணைக்கும் வட்ட ஊசி இதற்கென்றே இருக்கிறது. வட்டமாகப் பின்னும்போது துணியின் முகம் எப்போதும் பின்னுபவரைப் பார்த்தே இருக்கும். எல்லாக் கண்ணியும் நேர்ப் பின்னல்தான். உருவம் சரியாக வருகிறதா என்று கண்ணெதிரே தெரியும், பிழை உடனே அகப்படும். ஷெட்லாந்துப் பெண்கள் முழு ஸ்வெட்டரையும் குழாய்போல வட்டமாகவே பின்னியதற்கு இந்தச் சௌகரியம் முக்கியக் காரணம்.

மூன்றே வரிசையில் வரும் ஒரு சின்ன உருவத்தை எடுத்துக்கொள்ளலாம். வெள்ளைத் தரையில் வரிசையாகச் சிவப்புக் கூட்டல் குறிகள். முதல் வரிசை: ஒரு சிவப்பு, மூன்று வெள்ளை, இதையே சுற்றிலும் திரும்பத் திரும்ப. இரண்டாம் வரிசை: இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு. மூன்றாம் வரிசை முதல் வரிசையைப் போலவே. 96 கண்ணிக் குல்லாவில் 24 கூட்டல் குறிகள் வந்துவிடும்.

முதல் வரிசையில் மூன்று வெள்ளைக் கண்ணி பின்னும்போது சிவப்பு நூல் பின்பக்கம் காத்திருக்கிறது. நான்காவதாகச் சிவப்பு வரும்போது அந்த மூன்று கண்ணிகளையும் கடந்து வர வேண்டும். அந்தக் கணத்தில் நூலை இழுத்துவிட்டால் மூன்று வெள்ளைக் கண்ணிகளும் குறுகி, துணி சுருங்கிவிடும். முழுக் குல்லாவும் அப்படியே பின்னப்பட்டால் தலையில் ஏறாது. அனுபவசாலிகள் செய்வது இதுதான்: நிறம் மாற்றுவதற்கு முன், வலது ஊசியில் இப்போதுதான் பின்னிய கண்ணிகளை விரலால் தள்ளி, அவை துணியில் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவுக்குப் பரப்பிவிடுவார்கள். பிறகு சிவப்பு நூலை அவற்றின் பின்னால் தளர்வாகக் கொண்டுவந்து பின்னுவார்கள். ஒவ்வொரு நிற மாற்றத்திலும் இந்தச் சின்னத் தள்ளல். வண்ணப் பின்னலில் கற்றுக்கொள்ளும் மொத்த வித்தையில் முக்கால் பங்கு இதற்குள் அடங்கிவிடுகிறது.

பின்னால் ஓடும் இந்த நூல்களை நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. பட்டுப்புடவையின் முந்தானையைத் திருப்பிப் பார்த்தால், முன்பக்கத்துப் புட்டாவுக்கும் புட்டாவுக்கும் நடுவே ஜரிகை நூல்கள் தொங்கலாக ஓடும். வளையலிலும் மெட்டியிலும் மாட்டாமலிருக்கத்தான் அதற்கு நெட் துணி வைத்துத் தைக்கிறோம். கையுறையிலும் இதே சிக்கல் உண்டு. உள்ளே தொங்கும் நூலில் விரல் மாட்டும். அதனால்தான் பழைய ஷெட்லாந்து வடிவங்களில் ஒரே நிறம் ஐந்து, ஆறு கண்ணிகளுக்கு மேல் தொடர்ந்து வருவது அபூர்வம். அதற்கு மேல் தொடர்ந்தால், நடுவே ஒரு இடத்தில் சும்மா இருக்கும் நூலைப் பின்னும் நூலோடு ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்த வரிசைகளில் ஒரே கண்ணியின் மேல் அந்தச் சுற்று விழாமல் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட வேண்டும். இல்லாவிட்டால் முன்பக்கத்தில் கோடுபோலத் தெரியும்.

நூலைப் பிடிப்பதில் ஆளுக்கொரு முறை. ஒரு நூலை வலது கையிலும் மற்றதை இடது கையிலும் பிடிப்பது வேகமானது, நூல்கள் முறுக்கிக்கொள்ளாது. வலது கையால் மட்டுமே பின்னிப் பழகியவருக்கு இடது கை முதலில் ஒத்துழைக்காது. அவசரம் வேண்டாம், ஒரு நூலை விட்டு மற்றதை எடுத்தும் பின்னலாம். ஆனால் எப்படிப் பிடித்தாலும் ஒன்றை மாற்றவே கூடாது: எந்த நிறம் பின்பக்கத்தில் கீழாக ஓடுகிறது, எது மேலாக ஓடுகிறது என்ற ஒழுங்கு. கீழாக ஓடும் நூலின் கண்ணிகள் மயிரிழை பெரிதாக விழும். அந்த நிறமே முன்னால் எடுப்பாகத் தெரியும். ஆகவே உருவத்தின் நிறம் கீழே, தரையின் நிறம் மேலே. இடது கையில் பிடித்த நூல் இயல்பாகவே கீழாக ஓடும் என்பதால் உருவ நிறத்தை இடது கையில் வைப்பார்கள். பாதி வழியில் இந்த ஒழுங்கை மாற்றினால் ஒரே குல்லாவில் மேல்பாதி ஒரு மாதிரியும் கீழ்பாதி வேறு மாதிரியும் இருக்கும்.

எவ்வளவு கவனமாகப் பின்னினாலும் வண்ணப் பகுதி சாதாரணப் பகுதியைவிடக் கொஞ்சம் இறுகும். அதற்கு ஓர் அளவு பெரிய ஊசிக்கு மாறுவது வழக்கமான தீர்வு. கடைசியாகத் தண்ணீர். பின்னி முடித்ததும் துணி மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். முதல்முறை பின்னுபவர்கள் இதைப் பார்த்து மனம் உடைந்துபோவதுண்டு. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் வைத்து அழுத்தி, அளவுக்கு விரித்துக் காயவைத்தால் கண்ணிகள் தமக்குள் இடம் பார்த்து உட்கார்ந்துவிடும். ஷெட்லாந்தில் ஸ்வெட்டரை மரச்சட்டத்தில் மாட்டி விறைப்பாகக் காயவைப்பார்கள்.

கொஞ்சம் தேறியவர்களையும் நடுங்கவைப்பது கத்தரி. வட்டமாகப் பின்னிய குழாயை முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டராக்க, நடுவே சில கண்ணிகளைக் கூடுதலாகப் பின்னி, அந்த இடத்தில் மேலிருந்து கீழாகக் கத்தரியால் வெட்டுவார்கள். பல வார உழைப்பு பிரிந்து கொட்டிவிடாதா? கொட்டாது. பின்னல் பக்கவாட்டில் எளிதாகப் பிரிவதில்லை. போதாக்குறைக்கு ஷெட்லாந்துக் கம்பளியின் இழைகள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருக்கும். வெட்டிய ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்துவிட்டால் போதும். அக்ரிலிக்கில் மட்டும் இதை முயலக் கூடாது.

இந்த முறை ஷெட்லாந்துக்கு மட்டும் உரியதல்ல. நார்வேயில் செல்பூ என்ற ஊரில் 1857இல் மாரித் எம்ஸ்டாட் என்ற பதினாறு வயதுப் பெண் எட்டு இதழ் ரோஜா போட்டுப் பின்னிய கறுப்பு வெள்ளைக் கையுறையோடு தேவாலயத்துக்குப் போனாள். இன்று உலகமே ‘நார்வே வடிவம்’ என்று அறிந்திருப்பது அதைத்தான் என்கிறார்கள் அந்த ஊர்க்காரர்கள். பெருவில் டிட்டிகாகா ஏரியின் நடுவே, கடல் மட்டத்திலிருந்து 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் தாகிலே தீவில் குல்லா பின்னுவது ஆண்களின் வேலை. சிறுவர்கள் சின்ன வயதிலேயே ஊசி பிடிக்கிறார்கள். அந்தத் தீவின் நெசவுக் கலையை 2005இல் யுனெஸ்கோ சிறப்பித்தது. நம் நாட்டிலேயே இமாசலப் பிரதேசத்தின் லாஹூலில் பெண்கள் பின்னும் பல வண்ணக் காலுறையும் கையுறையும் புவிசார் குறியீடு பெற்றவை.

இந்த அழகுக்குப் பின்னால் இருந்த வாழ்க்கை எளிதாக இருக்கவில்லை. ஷெட்லாந்துப் பெண்கள் இடுப்பில் ஒரு தோல் பெல்ட் கட்டியிருப்பார்கள். அதில் குதிரைமயிர் அடைத்த, துளைகளுள்ள சிறு திண்டு இருக்கும். நீண்ட எஃகு ஊசியின் ஒரு முனையைத் துளையில் செருகிவிட்டால் ஊசியைத் தாங்கும் வேலை வலது கைக்கு இல்லை. விரல்கள் மின்னல் வேகத்தில் ஓடும். முதுகில் கூடை நிறைய எரிபொருளாகும் ‘பீட்’ மண்கட்டிகளைச் சுமந்து மேட்டுநிலத்திலிருந்து இறங்கும்போதும் கை பின்னிக்கொண்டே இருக்கும். அந்தக் காட்சியைப் பதிவுசெய்த பழைய புகைப்படங்கள் ஏராளம். இவ்வளவுக்கும் அவர்கள் கையில் காசு வரவில்லை. வியாபாரிகள் கூலியாகத் தேயிலையும் துணியும் கொடுத்தார்கள். பெண்கள் அதை அண்டை அயலில் கொடுத்து மாவும் கிழங்கும் வாங்க வேண்டியிருந்தது. 1872இல் பிரிட்டிஷ் அரசின் ஆணையம் ஒன்று இதை விசாரித்தது.

அந்த வடிவங்களுக்கு உரிய மதிப்பு கொடுப்பது இன்றும் கேள்வியாகவே இருக்கிறது. 2015இல் பிரெஞ்சு நிறுவனமான ஷனேல் நடத்திய ஃபேஷன் காட்சியில், ஃபேர் ஐல் தீவில் வாழும் வடிவமைப்பாளர் மாட்டி வென்ட்ரிலோனின் வடிவங்களை அப்படியே ஒத்த உடைகள் வந்தன. நிறுவனத்தின் ஆட்கள் அதற்கு முன் அவரிடம் வந்து ஸ்வெட்டர்கள் வாங்கிச் சென்றிருந்தார்கள். அவர் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பியதும் ஷனேல் வருத்தம் தெரிவித்து, அவர் பெயரைக் குறிப்பிட ஒப்புக்கொண்டது. தனியொரு கைவினைஞர் அவ்வளவு பெரிய நிறுவனத்திடம் நியாயம் கேட்டு வாங்கியது சாதாரண விஷயமில்லை.

கற்றுக்கொடுப்பதிலும் ஒரு தொய்வு வந்தது. ஷெட்லாந்து ஆரம்பப் பள்ளிகளில் பின்னல் நெடுங்காலம் ஒரு பாடமாகவே இருந்தது. செலவைக் குறைக்க 2010இல் அதை நிறுத்திவிட்டார்கள். தாயிடமிருந்து மகளுக்கு வந்த வித்தை இந்தத் தலைமுறையோடு நின்றுவிடுமோ என்ற கவலை எழுந்தது. 2014இல் ‘பீரி மேக்கர்ஸ்’ என்ற பெயரில், ‘குட்டிப் பின்னல்காரர்கள்’ என்று கொள்ளலாம், ஊர்ப் பெரியவர்கள் சம்பளம் வாங்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். பாட்டிமார் கட்டிய அதே தோல் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் பின்னக் கற்கிறார்கள். அதே தீவுகளில் 2010 முதல் நடக்கும் ‘ஷெட்லாந்து கம்பளி வாரம்’ ஆண்டுதோறும் ஒரு குல்லா வடிவத்தை இலவசமாக வெளியிட்டு வந்திருக்கிறது. அந்தக் குல்லாவைப் பின்னித் தலையில் மாட்டிக்கொண்டு உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் லெர்விக் நகரத்துக்கு வந்து சேர்கிறார்கள்.

சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர் கம்பளிக் குல்லாவை என்ன செய்வார் என்று கேட்கலாம். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு அந்தக் கேள்வியே எழாது. டொரன்டோவிலோ ஆஸ்லோவிலோ ஒரு பேரனோ பேத்தியோ இல்லாத தமிழ்க் குடும்பமும் இன்று குறைவு. வெளிறியது ஒன்று, அடர்ந்தது ஒன்று என இரண்டே கண்டு நூலும் ஒரு வட்ட ஊசியும் போதும். கூட்டல் குறி மாதிரி மூன்று வரிசை உருவம் ஒன்றைப் போட்டுப் பார்த்து, நனைத்துக் காயவைத்து, பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: நூல்கள் இழுபடாமல், தொங்காமல் படிந்திருந்தால் கை தேறிவிட்டது. ஸ்வெட்டர் ஆசையை மட்டும் கொஞ்சம் தள்ளிவையுங்கள். மூன்று குல்லாவாவது பின்னி முடித்துவிட்டு அதைத் தொடங்குங்கள்.